கபடிக் களத்தில் காத்து நிற்கும் பிள்ளை



சென்ற ஆண்டுக் கோடையில், மல்லாங்கிணற்றில் மாலைநேர ஓதல் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின், ஒரு தாய் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவருடைய மகன் என்னிடம் ஓதியவன். பதினாறு வயது, மேல்நிலை முதலாண்டு படிக்கிறான். கபடியில் வலது மூலையில் நின்று பிடிப்பவன். முந்தைய வாரம் பக்கத்து ஊரில் நடந்த போட்டியில் அவனுடைய மோதிர விரல் முறிந்துவிட்டது.

"ஹஜ்ரத்! நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். இந்த விளையாட்டை விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார் அந்தத் தாய்.

அவருடைய அச்சத்தை நான் சாதாரணமாக எண்ணவில்லை. பட்டாசுக்கான காகிதக் குழாய்களைச் சுருட்டிக் கூலி பெறும் குடும்பம் அது. எங்கள் வட்டாரத்தில் இத்தகைய குடும்பங்கள் பல. விரல்தான் அவர்களுடைய முதல். வீட்டில் ஒருவருடைய விரல் மடங்காது போனால், அந்த வாரத்துக் கூலியும் மடங்கிப் போகும்.

ஆயினும் உடனே "சரி" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கல்லூரியில் வரலாறு படித்த நாளில் நானும் கபடிக் களத்தில் கிடந்தவன்தான். என் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் நேராக நிமிர்வதில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைத் தடுக்க எனக்கு என்ன தகுதி? பத்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பத்து நாளும் அஸர் தொழுகைக்குப் பின் களத்தின் ஓரத்தில் போய் அமர்ந்தேன். அங்கே கண்டவற்றையும், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் உங்கள்முன் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

கபடி என்றால் பாடிச் செல்பவரையே எல்லோரும் பார்க்கிறோம். கைதட்டல் அவருக்குத்தான். ஆனால் எதிர்ப்புறத்தில் நிற்கும் ஏழு பேரின் வேலை வேறு. ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பாடி வருபவருக்குக் கிடைப்பவை 30 நொடிகள். அதற்குள் அவர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள தடைக்கோட்டைக் கடந்தாக வேண்டும். இல்லையேல் யாரையேனும் தொட்டாக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அவர் வெளியேற வேண்டியதுதான். ஆகவே பிடிப்பவன் ஓடிச் செல்ல வேண்டியதே இல்லை. வர வேண்டியவர் வந்தே தீருவார். ஒவ்வொரு நொடியும் பிடிப்பவனுக்கே ஆதாயம். இந்தக் கணக்கு மனத்தில் பதியாத சிறுவன்தான் முந்திப் பாய்கிறான்; பாய்ந்தவன்தான் கையை முறித்துக்கொள்கிறான். நம் பிள்ளை பாய்ந்ததும் அப்படித்தான் என்று அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான்.

இரு மூலைகளிலும் நிற்பவர்கள் கணுக்காலையும் தொடையையும் பிடிப்பவர்கள். அவர்களுக்கு உட்புறம் நிற்பவர்களைக் 'கவர்' என்கிறார்கள். திரும்பி ஓடுபவரின் குறுக்கே புகுந்து மறிப்பதும், தோளால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுவதும் அவர்கள் பணி. மூலைக்காரன் தாழ்ந்து நிற்க வேண்டும். முழங்கால் மடிந்து, உடலின் கனம் முன்பாதத்தில் இருக்க வேண்டும். கண் எதிராளியின் முகத்தையோ கையையோ பார்க்கக் கூடாது. முகமும் கையும் பொய் சொல்லும். இடுப்பு பொய் சொல்லாது. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே ஆள் போவான்.

இவ்வாறு தாழ்ந்து நிற்பதற்கு வலிமை எங்கிருந்து வரும்? களத்துக்கு வரும் விடலைகள் புஜத்தை மடக்கிக் காட்டுகிறார்கள். திரைப்படங்கள் கற்றுக் கொடுத்த வலிமை அது! பிடிப்பவனுடைய வலிமை தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் கழுத்திலும் இருக்கிறது. நம் முன்னோர் பழகிய பஸ்கியும் தண்டாலும் இதற்கு இன்றும் போதும். அவற்றோடு கயிறு ஏறுதல், மணல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடத்தல், பக்கவாட்டில் ஓடுதல் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பிடியின் உறுதிக்கு ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவதைவிட மலிவான கருவி வேறில்லை. வாரத்தில் மூன்று நாள் போதும். தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

எடை தூக்கினால் பிள்ளையின் வளர்த்தி நின்றுவிடும் என்று பெரியவர்கள் பலர் நம்புகிறார்கள். தக்க மேற்பார்வையில், அளவான எடையை, முறையாகத் தூக்கினால் அத்தகைய தீங்கு இல்லை என்பதே இன்றைய மருத்துவர்கள் கருத்து. தீங்கு வருவது போட்டிக்குப் போட்டியாக மிகுந்த எடையைத் தூக்குவதாலும், தவறான நிலையில் தூக்குவதாலுமே.

இனி உணவுக்கு வருகிறேன். எனக்குச் சினம் மூண்டது இந்த இடத்தில்தான்.

ஊர்ச் சுவர்களில் ஒட்டப்படும் கபடிச் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 55 கிலோ, 60 கிலோ, 65 கிலோ என்று எடைப் பிரிவு போட்டிருக்கும். நம் பிள்ளையின் எடை 58. அவனுடைய அணி 55 கிலோப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தது. "மூன்று கிலோதானே!" என்று யாரோ சொல்ல, இவன் இரண்டு நாள் சோறு தொடவில்லை, ஒரு நாள் தண்ணீரும் தொடவில்லை. வெயிலில் இரட்டைச் சட்டை அணிந்து ஓடியிருக்கிறான். தராசில் முள் சரியாக நின்றது. ஆனால் களத்தில் கால் நிற்கவில்லை. இறங்கிய மூன்றாவது பிடியில் விரல் முறிந்தது. வீட்டில் இது எதுவும் தெரியாது. மகன் உண்ண மறுத்ததை "வயிறு சரியில்லை" என்று தாய் நம்பியிருக்கிறார்.

அன்பர்களே! இப்படி இறங்கும் எடை கொழுப்பன்று. அது உடலின் நீர். நீர் குறைந்தால் கை தளரும், கண் பிந்தும், அறிவு மந்தமாகும், வெயிலில் மயக்கம் வரும். வளரும் பிள்ளையை இவ்வாறு வாட்டி ஆட வைப்பதைவிட, அடுத்த பிரிவில் ஆடித் தோற்கச் செய்வது ஆயிரம் மடங்கு மேல். உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் ஆடுகிறான் என்று கேளுங்கள். போட்டிக்கு முன் திடீரென்று உண்ண மறுத்தால் விடாமல் கேளுங்கள்.

நல்ல உணவுக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் இல்லை. விருதுநகர் என்றாலே எண்ணெய்ப் புரோட்டா நினைவுக்கு வரும். களம் முடிந்து நேரே அங்கே ஓடும் பிள்ளைகளும் உண்டு. எப்போதாவது தின்னட்டும், குறை சொல்லேன். ஆனால் தசைக்கு வேண்டியது முட்டையும் மீனும் பருப்பும் பாசிப்பயறும் நிலக்கடலையும் பாலும். கம்பும் சோளமும் விளையும் பூமி இது. டப்பாவில் அடைத்து விற்கும் மாவுக்குக் கூலிப் பணத்தைக் கொட்ட வேண்டிய தேவையில்லை.

அடுத்தது, பிடிக்கும் முறை. தொடையைப் பிடிக்கும்போது தோள் எதிராளியின் இடுப்புக்குக் கீழே புக வேண்டும். தலை அவருடைய உடலுக்குப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். கண் நிமிர்ந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு முழங்காலுக்கு நேரே பாய்பவன் கழுத்தைப் பணயம் வைக்கிறான். கணுக்காலைப் பிடிக்கும்போது முகத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். உதறும் குதிகால் பல்லைப் பெயர்க்கும். இருவர் கைகோத்துச் சங்கிலியாக மறிக்கும்போது விரல்களைப் பின்னிக்கொள்ளாமல் மணிக்கட்டையோ உள்ளங்கையையோ பற்ற வேண்டும். நம் பிள்ளை விரல்களைப் பின்னியிருந்தான். அவனுக்கு அதைச் சொல்லித் தருவார் யாரும் இல்லை. விழுந்தவர்மேல் முழங்காலை ஊன்றி விழக் கூடாது என்பதையும் தனியாகவே பழக்க வேண்டும். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் பாடிச் சென்ற ஓர் இளைஞர் களத்திலேயே உயிரிழந்தார். ஊரார் கைப்பேசியில் எடுத்த அந்தக் காட்சியைத் தமிழகம் முழுவதும் பார்த்தது. அதை நினைக்கும்போது, மோதுவதற்கு முன் விழக் கற்றுக்கொடுங்கள் என்று பயிற்சியாளர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சத் தோன்றுகிறது.

நம் மண்ணைப் பற்றியும் ஒரு சொல். கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாக இறுகும். மழையில் காலைக் கவ்வும். இரண்டு நிலையிலும் அது ஆட்டத்துக்கு உதவாது. கொத்திக் கிளறி, மணல் கலந்து, நீர் தெளித்துப் பதப்படுத்திய களத்திலேயே பிள்ளைகள் விழ வேண்டும். பெரிய போட்டிகள் இப்போது விரிப்பின்மேல் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு பழகியவன் விரிப்பில் ஏறும்போது தோல் உரிந்துபோகும். காலணியோடு சில நாளாவது முன்கூட்டிப் பழக வேண்டும்.

"இதில் என்ன எதிர்காலம்?" என்று கேட்கும் தந்தையருக்குத் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தர்மராஜ் சேரலாதனைச் சொல்வேன். பிடிப்பதையே தம் கலையாகக் கொண்டவர் அவர். 2016 இல் அவருடைய தலைமையில் பாட்னா அணி புரோ கபடிப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். 1975 இல் பிறந்த அவர் 2019 இல் ஹரியானா அணிக்குத் தலைவராகக் களம் இறங்கியபோது வயது 44! தம்மில் பாதி வயதுள்ள பிள்ளைகளை எதிர்த்து நின்றார். பாய்ந்து பாய்ந்து பிடிப்பவரால் அந்த வயதுவரை நிற்க முடியுமா? எல்லோரும் சேரலாதன் ஆவதில்லை என்பதும் உண்மை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு; ஆனால் படிப்பை விட்டவனுக்கு அந்தக் கதவும் திறக்காது.

1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடித் தங்கத்தை ஏழு முறை தொடர்ந்து வென்ற இந்தியாவை 2018 இல் ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் 27-18 என்று வீழ்த்தித் தங்கமும் வென்றது. மல்யுத்தம் ஊறிய நாடு அது. பிடிப்பதில் அவர்களுடைய பலம் வெளிப்பட்டது. ஃபஸல் அத்ராச்சலி, முகம்மதுரெஸா ஷாத்லூயி ஆகிய இருவருமே இடது மூலையில் நிற்பவர்கள். 2023 ஏலத்தில் ஷாத்லூயியைப் புனே அணி 2 கோடியே 35 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. பாடுபவருக்கே விலை என்றிருந்த பேச்சு அத்தோடு போயிற்று.

அதே ஜகார்த்தாவில் ஈரான் நாட்டுப் பெண்களும் இறுதிப் போட்டியில் இந்தியாவை 27-24 என்று வென்றார்கள். தலையையும் உடலையும் முழுமையாக மறைத்த உடையில் ஆடினார்கள். அவர்களைப் பயிற்றுவித்தவர் நம் நாட்டின் நாசிக் நகரைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். "அரைக்கால் சட்டை அணிய வேண்டுமே" என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். முழங்காலை மூடும் இறுக்கமான உள்ளுடை கடைகளில் கிடைக்கிறது. அது முட்டியைச் சிராய்ப்பிலிருந்தும் காக்கும்.

பத்தாம் நாள் அந்தத் தாயிடம் சென்றேன். மகன் எடைக்காகப் பட்டினி கிடந்ததை அவன் வாயாலேயே சொல்லச் செய்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "விரல் ஆறட்டும். ஆனால் எந்தப் பிரிவில் ஆடுவது என்பதை நான்தான் சொல்வேன்" என்றார். ஆறு வாரம் பையன் களம் இறங்கவில்லை. ஓரத்தில் பஸ்கி மட்டும் எடுத்தான். இப்போது 60 கிலோப் பிரிவில் ஆடுகிறான். முதல் மூன்று போட்டிகளிலும் அவனுடைய அணி தோற்றது.

ரமலானுக்கு முன் அந்தத் தாய் மீண்டும் வந்தார்; ஸஹருக்கு என்ன கொடுப்பது என்று கேட்க. முட்டையும் பருப்பும் வாழைப்பழமும் சொன்னேன். நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகட்டும்; பகலில் கடும் பயிற்சி வேண்டாம்; தராவீஹ் முடிந்து களத்துக்குப் போகட்டும் என்றேன்.

"இரவில் அங்கே விளக்கு ஏது, ஹஜ்ரத்?" என்றார்.

உண்மைதான். களத்தில் விளக்கு இல்லை. பெற்றோர் சிலர் சேர்ந்து இரண்டு விளக்குகளுக்குப் பணம் திரட்டி வருகிறார்கள். காகிதக் குழாய்க் கூலியிலிருந்து முதல் நூறு ரூபாயைக் கொடுத்தவர் அந்தத் தாய்தான்.