பிறவிக் குற்றவாளி: லோம்ப்ரோசோவுக்கு முந்தி

1857இல் பிரெஞ்சு மருத்துவர் மொரெல் சீரழிவுக் கோட்பாட்டை முன்வைத்தார். குடியும் நஞ்சும் ஒரு தலைமுறையைக் கெடுக்கும். கேடு வாரிசுகளில் முற்றி நாலாம் தலைமுறையில் வம்சமே அற்றுப்போகுமாம். 1876இல் இத்தாலியின் லோம்ப்ரோசோ குற்றவாளியின் மண்டையோட்டில் ஆதிமனிதனைக் கண்டார். பைத்தியமுமல்லாத, சரியுமல்லாத ஆட்களுக்கு 1891இல் ஜெர்மனியின் கோஹ் வைத்த 'சைக்கோபதி' என்ற அடைமொழியும் இந்த நிலத்தில் முளைத்ததுதான்.

ஆனால் நம்ம ஊர்க் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1871! லோம்ப்ரோசோவுக்கு ஐந்து வருஷம் முந்தி. காலனிய அரசு மண்டையை அளக்க வேண்டியிருக்கவில்லை. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன். உயிரியலின் வேலையைச் சாதியே முடித்துக் கொடுத்துவிட்டது. (அளவைக் கருவி பின்னாலே வந்தது, சென்னை மியூசியத்தின் தர்ஸ்டன் போலீஸ்காரர்களுக்கு உடலளவை சொல்லிக்கொடுத்தார்.)

தாமிரபரணிக் கரை ஊர்களில் மறவர் காவல்காரர். களத்தில் நெல் கூலி. களவு போனால் ஈடுகட்டுவதும் அவர்தான். போலீஸ் வந்தபின் அதே காவல் 'மிரட்டிப் பறிப்பு' ஆயிற்று. அடாவடி இல்லாமலில்லை, அது தொழிலின் அடாவடி, ரத்தத்தினுடையதல்ல. 1911இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்மேல் 1920 ஏப்ரல் 3இல் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள்.

இன்றைக்கு மேடையில் 'வீரப் பரம்பரை' ரத்தம் பேசுகிறவர்களும் மொரெல் கணக்கைத்தான் தலைகீழாய்ப் போடுகிறார்கள். மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று. அடுத்த வருஷமே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. அதில் சாதிப் பெயர் கிடையாது; பதிவேடு மட்டும் உண்டு.