மிகச் சிறந்த பாடல் எது? ராக் இசையும் மதிப்பீட்டு அளவுகோல்களும்

பி.பி.சி. உலக சேவை தனது எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2002-ஆம் ஆண்டில் உலகின் மிகச் சிறந்த பத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுக்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொண்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் வாக்குகள் வந்தன. அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’ முதலிடம் பெற்றது. ‘வந்தே மாதரம்’ இரண்டாவதாகவும், பாகிஸ்தானின் வைட்டல் சைன்ஸ் குழுவின் ‘தில் தில் பாகிஸ்தான்’ மூன்றாவதாகவும் வந்தன. நான்காம் இடம் ‘தளபதி’ (1991) திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த ‘ராக்கம்மா கையத்தட்டு’ பாடலுக்குக் கிடைத்தது. ஐந்தாம் இடத்தில் ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ இருந்தது. ராக் இசையின் சிகரம் என்று மேலைநாட்டார் பலர் கருதும் குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாம் இடத்தைத்தான் எட்டியது.

அவ்வாண்டில் நான் மாணவன். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் இருந்த ஒலிநாடாக் கடைகளில் இம்முடிவு பெருமிதத்தோடு பேசப்பட்டதை நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பிரிட்டனில் தங்கியிருந்தபோது, உடன் பயின்ற ஐரிஷ் மாணவர் ஒருவரிடம் முதலிடம் பெற்ற பாடலைப் பற்றிக் கேட்டேன். அதைத் தம் நாட்டின் மிகச் சிறந்த பாடல் என்று தாம் ஒருபோதும் சொல்லமாட்டார் என்றும், ஆனால் வாக்களிக்கச் சொன்னால் அதற்குத்தான் வாக்களிப்பார் என்றும் அவர் கூறினார். நம் கடைகளில் நிலவிய பெருமிதமும் இவ்வகைப்பட்டதே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் மூன்று பாடல்களும் நாட்டுப்பற்றுப் பாடல்களாக அமைந்ததும், ஐந்தாவது இடப்பெயர்வின் துயரைப் பாடுவதாக அமைந்ததும் தற்செயலானவை அல்ல. இத்தகைய வாக்கெடுப்பு பாடலின் தரத்தை அளப்பதைவிட, அப்பாடலுக்காக எழுந்து நிற்க எத்தனை பேர் உள்ளனர் என்பதையே அளக்கிறது எனலாம்.

அவ்வாறாயின் வல்லுநர் தீர்ப்பு நம்பத்தக்கதா? அமெரிக்க இதழான ‘ரோலிங் ஸ்டோன்’ இசைக் கலைஞர்களையும் விமர்சகர்களையும் கொண்டு 2004-இல் மிகச் சிறந்த 500 பாடல்களை வரிசைப்படுத்தியது. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ (1965) அதில் முதலிடம் பெற்றது. 2021-இல் புதிய நடுவர் குழுவோடு அப்பட்டியல் மீண்டும் உருவாக்கப்பட்டபோது, அரீத்தா ஃபிராங்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்திற்கு வந்தது. டிலனின் பாடல் நான்காம் இடத்திற்கு இறங்கியது. முந்தைய பட்டியலில் 150-ஆம் இடத்திற்கும் கீழே கிடந்த ‘பொஹீமியன் ராப்சடி’ 17-ஆம் இடத்திற்கு ஏறியது. இப்பாடல்களின் ஒலிப்பதிவில் ஒரு நொடிகூட மாறவில்லை, மாறியவர்கள் நடுவர்களே. எனவே வல்லுநர் பட்டியலையும் காலத்தின் ஆவணமாகவே கொள்ள வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்களாகிய நாம் நமது பழக்கம் ஒன்றை நோக்குதல் தகும். பாடல் என்றால் நாம் உடனே வரிகளைத் தேடுகிறோம். எதுகை, மோனை, உவமை ஆகியவற்றைக் கண்டு மகிழ்கிறோம்; அவை இல்லையெனில் பாடலைத் தள்ளிவிடுகிறோம். ராக் இசையில் இவ்வளவுகோல் பெரும்பகுதி பயன்படாது. அங்குப் படைப்பு என்பது ஏட்டில் உள்ள பாடலன்று, ஒலிப்பதிவே படைப்பு. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் விழும் முரசின் அழுத்தம், மின்கிதாரின் கரகரப்பு, குரலின் பிசிறு ஆகிய அனைத்தும் பொருளின் பகுதிகள். நோபல் பரிசு பெற்ற டிலனின் பாடலிலேயே இதற்குச் சான்றுண்டு. அப்பாடலை அடையாளம் காட்டும் ஆர்கன் இசையை வாசித்த அல் கூப்பர் ஒரு கிதார் கலைஞர். ஆர்கன் அவருடைய கருவியன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் வாய்ப்புக் கிடைத்ததும் அமர்ந்து வாசித்தார். அந்தத் தயக்கம் கலந்த இசையை நீக்கிவிட்டு வரிகளை மட்டும் படித்தால் நாம் மதிப்பிடுவது வேறொரு பொருளை.

இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று என்பது குறிப்பிடத்தக்கது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை மட்டும் புகழ்ந்து அமையவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், நூல்வல்ல புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வரையறுக்கிறார். அரங்கின் அளவையும் விளக்கின் அமைப்பையும்கூட விட்டாரில்லை. அதன் பின்னரே தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் வருகின்றன. புலவன் அங்கு அறுவருள் ஒருவன் மட்டுமே. ஓர் இசைக்குழுவை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான முன்மாதிரியை நான் மேலைநாட்டு நூல்களில் கண்டதில்லை.

இவ்வாறு நோக்கின், பி.பி.சி. பட்டியலின் நான்காம், பத்தாம் பாடல்களிடையே எதிர்பாராத உறவொன்று புலப்படுகிறது. ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் ‘பொஹீமியன் ராப்சடி’ (1975) கருவியிசையற்ற பல்குரலில் தொடங்கி, மெல்லிய பியானோ இசைக்கு நகர்ந்து, நடுவில் இத்தாலிய இசைநாடகப் பாணியிலான பல்குரல் பகுதிக்குத் தாவி, பின் முழு ராக்காக வெடிக்கிறது. அப்பல்குரல் மூவரின் குரல்களை மீண்டும் மீண்டும் அடுக்கிப் பதிவு செய்ததனால் உருவானது. ‘ராக்கம்மா’ மேலை வயலின்களும் குத்துத் தாளமுமாகக் களியாட்டத்தில் திளைத்துக்கொண்டிருக்கையில், நடுவே அப்பர் தில்லைக் கூத்தனைப் பாடிய தேவாரம் குழுப்பாடலாக நுழைகிறது. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடிய ஆட்டப் பாடல் ஒரு கணம் கோயிலாகி, மீண்டும் தெருவாகிறது. இரண்டிலும் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற பாகுபாட்டை நடுப்பகுதி குலைத்துவிடுகிறது. இவற்றின் சிறப்பு இத்துணிவில்தான் உள்ளது என்பது என் கருத்து. வாலியின் வரிகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் இது தெரியவே தெரியாது.

நம் நாட்டுச் சான்றும் ஒன்றுண்டு. யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ (2006) தொகுப்பில், ‘நிழல்கள்’ (1980) படப்பாடலான ‘மடை திறந்து’ என்பதை ராப் வடிவில் மறுபடைப்புச் செய்தனர். மூலத்தைக் கெடுத்துவிட்டனர் என்று முகம் சுளித்த மூத்த ஆசிரியர்களை நான் அறிவேன். இளங்கலைஞன் ஒருவனின் கனவைப் பாடும் மூலப்பாடல், கோலாலம்பூர் இளைஞர்களின் வாயில் அவர்களது சொந்த அறிவிப்பாக மாறியதை அவர்கள் கேட்கத் தவறினர்.

அண்மையில் பயிற்சி ஆசிரியர்களிடம், மலேசியத் தமிழரின் மிகச் சிறந்த பாடல் எது என்ற வினாவை முன்வைத்தேன். காரணம் கூறாத தெரிவு ஏற்கப்படாது என்பது ஒரே விதி. கிள்ளானிலிருந்து வந்த மாணவி ஒருவர் அலிகேட்ஸ் குழுவின் பாடல் ஒன்றை முன்மொழிந்தார். பினாங்கில் 1960-களின் இறுதியில் தோன்றிய அக்குழுவை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் எனும் தமிழ்ச் சகோதரர்கள். புகழ் பெற்றதோ மலாய்ப் பாடல்களால். மொழி மலாய் என்பதால் அது தமிழரின் பாடலாகாது என்றனர் வகுப்பில் பாதிப்பேர். லோகநாதன் 2007-இல் மறைந்தபோது தம் வீட்டில் தாத்தா அழுததாகச் சொல்லி, அந்த மாணவி தம் தெரிவை மாற்ற மறுத்துவிட்டார். இரண்டு மணி நேர வகுப்பு முடிந்தும் வாதம் முடியவில்லை. அடுத்த வாரம் பாடலின் ஒலிப்பதிவைக் கொண்டுவருமாறு மட்டும் கேட்டுக்கொண்டேன்.