லாவோஸ்: குண்டு விழுந்த மண்ணில் ஒரு பிடி சோறு

வீராணம் ஏரிக்கரையை அடுத்த லால்பேட்டையில், பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களின் கதை பல வீடுகளில் உண்டு. அந்த ஊர்ச் சகோதரி ஒருவரும், சிதம்பரம், கடலூர் நேயர்கள் சிலரும் லாவோஸ் தேசத்தைப் பற்றிக் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

லாவோஸ் தலைநகரில் தமிழ் எழுத்துள்ள பள்ளிவாசல் இருக்கிறதாமே? பௌத்த நாட்டுக்குத் தமிழ் எப்படிப் போயிற்று? (லால்பேட்டை சகோதரி)

வாஸ்தவந்தான். வியஞ்சான் நகரின் நடுவில் உள்ள ஜாமியா பள்ளிவாசலில், அரபு, லாவோ, உருது, ஆங்கிலம் இவற்றோடு தமிழிலும் எழுதிய பலகை உண்டு. லாவோஸ் 1893-ல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது அதே கொடியின் கீழ்தான் இருந்தன. ஆகவே உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்குமாகத் தமிழர்கள் இந்தோ-சீனாவுக்குக் கப்பலேறினார்கள். அநேகர் சைகோனில் தங்கினார்கள். சிலர் லாவோஸ் வரை போய்க் கடை வைத்தார்கள்.

அங்கே சிவன் கோயில் உண்டா? (சிதம்பரம் நேயர்)

உண்டு. சம்பாசக் பகுதியில் மலையடிவாரத்தில் 'வாட் பூ' என்ற பழைய கோயில் இருக்கிறது. மலையுச்சியே லிங்கம் போல நிற்பதால் அந்நாளில் அதற்கு லிங்க பர்வதம் என்று பெயர். பாறையில் ஊறும் சுனை நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து சுவாமிக்கு அபிஷேகம் நடத்தினார்கள். பிற்காலத்தில் ஊரார் பௌத்தர்களானார்கள். கோயிலை இடிக்கவில்லை, கருவறையில் புத்தரை அமர்த்திக் கும்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் மாக பூஜைப் பௌர்ணமியன்று திருவிழா. நம் இந்தியத் தொல்பொருள் துறையினர் அங்கே சென்று திருப்பணிக்குக் கைகொடுத்திருக்கிறார்கள்.

சாதுவான ஜனங்கள் என்கிறார்களே, அவர்கள் தலையில் ஏன் குண்டு விழுந்தது? (கடலூர் சகோதரி)

அண்டை வீட்டுச் சண்டையில் அகப்பட்டுக்கொண்டதுதான் காரணம். 1954-ல் ஜினீவாவில் சமாதானம் பேசி, அதைக் கண்காணிக்க இந்தியாவின் தலைமையில் கனடா, போலந்து சேர்ந்த கமிஷன் ஒன்றையும் அமைத்தார்கள். 1962-ல் லாவோஸ் நடுநிலை நாடு என்றும் முடிவாயிற்று. ஆனால் வட வியட்நாம் தன் படைகளுக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பிய 'ஹோ சி மின் பாதை' லாவோஸ் காடுகளின் ஊடே சென்றது. உள்நாட்டிலும் அரச தரப்புக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் போர். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. கணக்குப் பார்த்தால், ஒன்பது வருஷம் இரவு பகலாக எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானச் சுமை!

சியாங் குவாங் பகுதியில் முவாங் குன் என்ற பழைய தலைநகரம் தரைமட்டமாயிற்று. அங்கே ஒரு விகாரையில் கூரையும் சுவரும் போய்ச் சில தூண்கள்தாம் மிச்சம். நடுவே பெரிய புத்தர் மட்டும் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார்.

பிக்ஷுக்களுக்கு அன்னமிடும் வழக்கம் யுத்தத்தோடு நின்றுவிட்டதா? (சிதம்பரம் சகோதரி)

இல்லை. நமது கவுனி அரிசியைப் போல ஒட்டும் அரிசி ஒன்று அவர்களுக்கு உயிர். இட்லி போல ஆவியில் வேகவைத்து, மூங்கில் கூடையில் எடுத்துக்கொண்டு, விடியுமுன் பெண்கள் வீதியோரம் அமர்கிறார்கள். வெறுங்காலோடு வரிசையாக வரும் பிக்ஷுக்களின் பாத்திரத்தில் ஆளுக்கு ஒரு பிடி இடுகிறார்கள். 1975-ல் முடியாட்சி போய்க் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. மறு வருஷம் இந்த அன்னதானத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். ஜனங்களின் மனம் ஒப்பவில்லை. சர்க்கார்தான் இறங்கிவர நேர்ந்தது.

யுத்தம் முடிந்து ஐம்பது வருஷமாயிற்றே, இன்னும் ஏன் அதைப் பேச வேண்டும்? (கடலூர் நேயர்)

யுத்தம் முடிந்தது, குண்டுகள் முடியவில்லை. ஒரு பெரிய குண்டுக்குள் நூற்றுக்கணக்கில் சிறு குண்டுகளை அடைத்து வீசினார்கள். அப்படி விழுந்தவை 27 கோடி. அவற்றில் சுமார் 8 கோடி வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. பந்து என்று எண்ணிக் குழந்தை கையில் எடுக்கிறது. வயலில் மண்வெட்டி தட்டுகிறது. போருக்குப் பின் மட்டும் இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டும் அங்கஹீனப்பட்டும் போனார்கள்.

2016-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அங்கே நேரில் சென்று, குண்டு அகற்ற 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். இத்தகைய கொத்துக் குண்டுகளை விலக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008-ல் உருவாயிற்று. லாவோஸ் கையொப்பமிட்டது. அமெரிக்கா சேரவில்லை, அன்று சமாதானக் கமிஷனுக்குத் தலைமை வகித்த நம் தேசமும் சேரவில்லை. இதை நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

வயல்களில் குண்டு தேடும் குழுக்களில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுக்களும் உண்டு. கருவியைத் தரைமேல் நகர்த்தி, ஓசை கேட்ட இடத்தில் மண்ணை மெல்லத் தோண்டுகிறார்கள். ஒரு வயல் சுத்தமானால் அங்கே நாற்று நடலாம். மறு விடியலில் பிக்ஷுவின் பாத்திரத்தில் விழும் ஒரு பிடி சோறும் அந்த வயலிலிருந்துதானே வர வேண்டும்!