ஓடும் பட்டியிலே உணவு

யப்பான் நாட்டிலே "கைத்தென் சுசி" என வழங்கும் ஒருவகைச் சாப்பாட்டுக் கடை உண்டு. கைத்தென் என்பது சுழலுதலைக் குறிக்கும். இருக்கைகளின் முன்னே இடையறாது ஓடும் பட்டியொன்றிற் சிறு தட்டுகள் வந்துகொண்டிருக்க, உண்பார் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துண்பர். அந்நாடு சென்று மீளும் நம்மவர் இதனை வேடிக்கையாகப் பேசுவரேயன்றி, அது தோன்றிய வகையையும் அங்கு ஒழுகவேண்டிய முறையையும் விரித்துரைப்பாரைக் காண்டல் அரிது. நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் கடல்கடந்து செல்லும் இக்காலத்தில் அவற்றைச் சிறிது விளக்குதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

"சுசி" என்றதும் வடமொழியில் தூய்மையைக் குறிக்கும் சொல் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டிற்கும் உறவில்லை. யப்பானியச் சொல் புளிப்பு என்னும் பொருளடியாகப் பிறந்தது. மீனை உப்பிட்டுச் சோற்றுள்ளே புதைத்துப் பல மாதம் புளிக்கவிட்டு, பின்பு சோற்றை நீக்கி மீனை மட்டும் உண்ட பழைய வழக்கமே இதன் மூலம். பீவா ஏரிக்கரையில் இன்றும் அவ்வாறு செய்கின்றனர். அத்துணைக் காலம் காத்திருக்க விரும்பாத பிற்காலத்தார் சோற்றிலே வினாகிரியைக் கலந்து அப்புளிப்பை வருவித்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடோ என வழங்கிய இன்றைய ரோக்கியோ நகரிலே, அச்சோற்றைக் கையாற் பிடித்து, மேலே மீன்துண்டை வைத்து, உடனுக்குடன் விற்கும் முறை பரவிற்று. தெருவோரத்தில் விற்ற அவ்வெளிய உணவு நாளடைவிற் செல்வர் உணவாயிற்று. விலை எழுதப்படாத கடையிலே சமைப்பவர் முன் அமர்ந்து, அவர் கேட்ட தொகையைக் கொடுத்து எழுதல் ஆலைத் தொழிலாளிக்கு எங்ஙனம் இயலும்?

இந்நிலையை மாற்றியவர் சிராயிசி யொசியாக்கி என்பவர். ஒசாக்காவை அடுத்துள்ள பூசே நகரிலே, சிறு தொழிற்சாலைகளின் நடுவே, அவர் மலிவான சுசிக் கடை நடத்தினார். கூட்டம் பெருகியது, பரிமாறுவார் போதவில்லை. அசாகி பியர் வடிசாலையிற் போத்தல்கள் பட்டியிலே நிரைநிரையாகச் செல்வதைக் கண்டபோது, தட்டுகளையும் இவ்வாறு செலுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. (போத்தலில் இருந்ததை நாம் பாராட்டவில்லை, கண்டவரின் கண்ணையே பாராட்டுகின்றோம்.) பட்டி நேரே ஓடுதல் எளிது, மூலையிலே திரும்புவதே இடர். பிறை வடிவான தகடுகளைச் சங்கிலிபோற் கோத்து, வளைவிலே ஒன்றோடொன்று இசைந்து திரும்பச் செய்தமையால் அவ்விடர் நீங்கிற்று. 1958இல் முதற்கடை திறக்கப்பட்டது. 1962இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1970இல் ஒசாக்காவில் நடந்த உலகக் கண்காட்சியில் இதனைக் கண்டவர் வாயிலாகப் புகழ் பரவிற்று. காப்புரிமை முடிந்த 1978இன் பின் பிறரும் இத்தொழிலிற் புகுந்தனர்.

பட்டி செக்கனுக்கு ஏறத்தாழ 8 சதமமீற்றர் செல்லும். இதனினும் விரைந்தால் தட்டை எடுத்தல் கடினம். மெதுவானாற் பசித்தவன் பொறான். பெரும்பாலும் அது வலஞ்சுழியாகவே ஓடும். வலக்கையிற் குச்சி இருக்க இடக்கையால் தட்டை எடுப்பதற்கு அதுவே வசதி என்பர்.

புதிதாகச் செல்வோர் அறியவேண்டியவை சில உள. தொட்ட தட்டை மீண்டும் பட்டியில் வைத்தலாகாது. இருக்கையின் முன்னே உள்ள சிறு குழாய் கைகழுவுவதற்கன்று. அதில் வருவது கொதிநீர். கிண்ணத்திலே பச்சைத் தேயிலைத் தூளை இட்டு அந்நீரை ஊற்றிக் குடித்தல் வேண்டும். முதன்முறை செல்வோர் பலர் அதன் கீழே விரலை நீட்டிவிடுகின்றனர். குச்சியாற் சுசியை எடுக்க இயலாதார் நாணவேண்டியதில்லை. கையால் உண்பதும் அந்நாட்டுப் பழைய முறையே. சோயாச் சாற்றிலே சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தாற் சோறு உதிர்ந்துவிடும். மீன் பக்கத்தையே தோய்க்கவேண்டும். ஊறவைத்த இஞ்சி, ஒரு சுசிக்கும் மறு சுசிக்கும் இடையே நாவைத் துடைப்பது போன்றது. தட்டின் நிறமே விலையைச் சொல்லும். வெறுந்தட்டுகளை அடுக்கி வைத்தால் ஊழியர் எண்ணிக் கணக்கிடுவர். சில கடைகளிலே மேசையிலுள்ள துளையில் இட்டால் பொறியே எண்ணிவிடும். நெடுங்காலம் தட்டொன்று 100 யென் என்ற விலையே இக்கடைகளின் பெருமையாக இருந்தது. 2022இல் பெருங்கடைத் தொடர்கள் சில விலையை உயர்த்தின.

யாரோ ஒருவர் கைபடாமல் விட்ட தட்டை மற்றொருவர் ஐயமின்றி எடுத்துண்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. 2023இன் தொடக்கத்தில் அதற்கு ஊறு நேர்ந்தது. இளைஞன் ஒருவன் மேசையிலிருந்த சோயாப் போத்தலை நக்கி, விரலை நாவில் வைத்து, ஓடும் உணவையும் தீண்டிய காட்சி நாடெங்கும் பரவிற்று. விளையாட்டென்று அவன் கருதியிருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அதன்பின் பல கடைகள் திறந்த தட்டுகளைச் சுழலவிடுதலை நிறுத்தின. இன்று அத்தகைய கடையிலே திரையைத் தொட்டுக் கேட்டால், கேட்ட தட்டு நேர்ப்பட்டியில் விரைந்து வந்து கேட்டவர் முன்னே நிற்கும். மூடியிட்ட தட்டுகளைச் சுழலவிடும் கடைகளும் உள. என்ன வருமென்று அறியாது காத்திருக்கும் இன்பம் நேர்ப்பட்டியில் இல்லை. சமைத்ததை நெடுநேரம் சுழலவிட்டு வீசும் வீண்செலவு குறைந்தது உண்மையே.

நம்மவருள் மரக்கறி உண்போர் இங்கு என்செய்வர்? வெள்ளரிக்காயை நடுவே வைத்துக் கடற்பாசித் தாளாற் சுருட்டிய "கப்பா மாக்கி" பெரும்பாலான கடைகளிற் கிடைக்கும். புளிக்கவைத்த சோயா அவரையிட்ட "நாத்தோ" உருளையும் உண்டு. அதன் மணத்தைப் பொறுப்பது அவரவர் வலிமை. பொரித்த சோயாக் கட்டிப் பையினுள் சோறடைத்த "இனாரி" சைவ உணவென்றே தோன்றும். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். அப்பையை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் "கற்சுவோபுசி" இட்டுக் காய்ச்சியது. நம் நாட்டுச் சந்தையில் மாசி என விற்கும் கருவாடு எந்த மீனோ, அதுவும் அதே சூரை மீன்தான். முட்டை அடையிலும் மீசோச் சாற்றிலும் அதனைச் சேர்ப்பர். "மீன் உண்டா?" என்று கேட்டால், மீன் துண்டில்லாமையால் "இல்லை" என்றே விடை வரக்கூடும். "மீன்சாறு சேர்ந்ததா?" என்று கேட்பதே முறை. அதற்கான யப்பானியச் சொல் "தாசி".