வெள்ளை நெல்வயலிற் சிவப்பரிசி தோன்றுவதேன்?

நெல்லியடி, கரவெட்டி முதலிய வடமராட்சிக் கிராமங்களிலே காலபோக நெல் மழையை நம்பியே விதைக்கப்படுகின்றது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களிற் புழுதியில் வித்திட்டுத் தை, மாசியில் அரிவு வெட்டும் கமக்காரர், அடுத்த போகத்துக்கு வேண்டிய விதைநெல்லைத் தம் சூட்டிலிருந்தே எடுத்து வைப்பது நெடுங்கால வழக்கமாகும். இவ்வழக்கம் செலவைக் குறைப்பது. தக்க கவனத்துடன் செய்யப்படின் குறைசொல்லத்தக்கதன்று. ஆயினும் இரண்டு மூன்று போகங்களின் பின்னர் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. வெள்ளையரிசி இனமென நம்பி விதைத்த நெல்லைக் குற்றும்போது சிவந்த அரிசிகள் இடையிடையே கிடக்கும். வாங்குவோர் அதனைக் கலப்பு நெல் என்று கூறி விலையைக் குறைப்பர்.

இதற்கு மண்ணின் மேற் பழிசுமத்துவோர் பலர். மண் நெல்லின் உயரத்தை மாற்றும். மணியின் பருமனை ஓரளவு மாற்றும். ஓரினத்தை வேறோர் இனமாக மாற்றுவதில்லை. களத்திலோ சாக்கிலோ வேறு நெல் கலந்திருக்கலாம். முன்போகத்தில் உதிர்ந்த நெல்லோ, தானே உதிர்ந்து முளைக்கும் களைநெல்லோ வயலில் வளர்ந்திருக்கலாம். இவ்விரு காரணங்களும் கண்ணுக்குத் தெரிவன. களத்தைக் கூட்டியும் சாக்கை உதறியும் களையை பிடுங்கியும் தவிர்க்கத்தக்கன. மூன்றாவது காரணம் பூவினுள்ளே மறைவாக நிகழ்வது. அதனை விளங்கிக்கொள்வதற்கு நெல்லை விட்டுச் சற்று நேரம் வெங்காயத் தறைக்குச் செல்லுதல் வேண்டும்.

வெங்காயத்தின் வேர்நுனி

பயிர்களின் உடல் கலங்கள் என்னும் மிக நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் கரு என்றொரு பகுதியும், அதனுள் நிறமூர்த்தங்கள் எனப்படும் இழைகளும் உள்ளன. வெங்காயத்தின் கலத்தில் இவ்விழைகள் 16. நெல்லில் 24. மிளகாய், கத்தரி, தக்காளி ஆகியவற்றிலும் 24 தான். எண்ணிக்கை ஒத்திருப்பதனால் நெல்லும் கத்தரியும் உறவின என்று கொள்ளலாகாது. இவை சோடி சோடியாக அமைந்தவை. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்ப்பூவினின்றும் மற்றது மகரந்தத்தினின்றும் வந்தது.

நட்டு ஓரிரு நாளில் வெங்காயம் விடுகின்ற வெள்ளை வேரின் நுனியை எடுத்துச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பின், கலங்கள் பிரியும் காட்சியைக் காணலாம். உலகெங்கும் மாணவர் இக்காட்சியை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் வெங்காய வேரிலேயே. பிரிவதற்கு முன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப்போல் இன்னொன்றை ஆக்கிக்கொள்ளும். பின்னர் அவை நடுவே அணிவகுத்து நின்று, இரு பக்கமாக இழுபட்டு, இரண்டு கலங்களுக்கும் 16, 16 ஆகச் சமமாகப் போய்ச்சேரும். இஃது இழையுருப் பிரிவு எனப்படும். வேர் நீள்வதும், இலை வளர்வதும், ஒரு வெங்காயம் மண்ணினுள் பல குமிழ்களாகப் பெருகுவதும் இப்பிரிவினாலேயே.

ஆகவே, சின்ன வெங்காயத்தைக் குமிழாற் பெருக்கும் கமக்காரர் ஒரே செடியையே ஆண்டாண்டாக நட்டுவருகின்றார் என்று கூறலாம். ஒரே வழிவந்த குமிழ்களிற் பெரியனவற்றை மாத்திரம் பொறுக்கி நட்டால் இனம் மேம்படும் என்னும் எண்ணம் அத்துணைச் சரியன்று. எரு கூடுதலாக விழுந்த மூலையில் விளைந்த பெரிய குமிழும், வாய்க்காலின் கடைசியில் விளைந்த சிறிய குமிழும் பரம்பரையில் ஒன்றே. டென்மார்க்கைச் சேர்ந்த யொகான்சன் என்பவர் அவரைவகை விதைகளைக் கொண்டு 1903 ஆம் ஆண்டில் இதனையொத்த உண்மையைக் காட்டினார்: ஒரே தூயவழியிற் பிறந்த விதைகளிற் பெரிதையும் சிறிதையும் பொறுக்கிப் பொறுக்கி விதைத்தும் சந்ததி மாறவில்லை. நோயற்ற குமிழைத் தெரிந்து நடுவது வேறு விடயம். அது மிக அவசியம், ஏனெனில் நோய் குமிழோடு கூடவே செல்லும்.

பூவினுள் நிகழ்வது

மகரந்தமும் சூல்வித்தும் உண்டாகும்போது மாத்திரம் வேறொரு பிரிவு நிகழ்கின்றது. அது ஒடுக்கற் பிரிவு. நெல்லில் 12 சோடிகளும் பிரிந்து, சோடிக்கு ஒன்றாக 12 நிறமூர்த்தங்களே ஒவ்வொரு மகரந்தமணிக்கும் போய்ச்சேரும். எந்தச் சோடியில் எது செல்லும் என்பது நாணயம் சுண்டுவதைப் போன்றது. 12 சோடிகளுக்கும் இவ்வாறு சுண்டினால் 4,096 வகையான சேர்க்கைகள் கிடைக்கும். சோடிகள் தமக்குள்ளே துண்டுகளை மாற்றிக்கொள்வதையுஞ் சேர்த்தால் இவ்வெண் கணக்கிலடங்காது. மகரந்தம் சூல்வித்தைச் சேர்ந்ததும் 12 உம் 12 உம் கூடி மீண்டும் 24 ஆகும்.

நெற்பூ காலையில் விரிவது. விரியும் வேளையிலேயே அதன் ஆறு மகரந்தப்பைகளும் வெடித்துத் தன் குறியின்மேற் றூளைச் சொரிந்துவிடும். எனவே நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையையே மேற்கொள்வது. எனினும் அயற்செடியின் தூள் காற்றில் வந்து சேர்வது முற்றாக இல்லையென்று சொல்வதற்கில்லை. பொதுவாக நூறு மணிகளுக்கு ஒன்றிலுங் குறைவாக இது நிகழும். மிகச் சிறிய அளவுதான்; ஆனால் ஒரு புசல் நெல்லில் எத்தனை மணிகள் உண்டென்று எண்ணிப் பார்ப்பவருக்கு அது சிறிதாகத் தோன்றாது.

தவறிப்போன பதினான்கு எழுத்துகள்

நிறமூர்த்தத்தின் சாரமான பொருள் டி.என்.ஏ. எனப்படும். 1953 ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இருவர், ரோசலின்ட் பிராங்கிளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தின் துணையுங் கொண்டு, இஃது இரட்டைப் புரியாக முறுக்கிய கயிற்றைப் போன்றதெனக் காட்டினர். இப்புரிகளில் நான்கு மூலங்கள் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. அடெனினுக்கு எதிரே தைமின். குவானினுக்கு எதிரே சைற்றோசின். புரி பிரிந்தால் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தானே கட்டிக்கொள்ளும். வெங்காய வேரிற் கண்ட இரட்டிப்பின் இரகசியம் இதுவே. நெல்லின் 12 நிறமூர்த்தங்களிலும் ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் உள்ளனவென்பது 2005 ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச ஆராய்ச்சியினால் அறியப்பட்டது. இவ்வரிசையில் ஒரு குணத்துக்குப் பொறுப்பான பகுதியே பரம்பரையலகு.

அரிசியின் மேற்றோலைச் சிவப்பாக்கும் முதன்மையான பரம்பரையலகு ஏழாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. வெள்ளையரிசியில் அதே அலகில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பதை 2006 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். கலம் இவ்வெழுத்துகளை மூன்று மூன்றாகவே வாசிக்கும். 14 மூன்றாற் பிரிபடாத எண்ணாகையால், விடுபட்ட இடத்துக்கு அப்பால் வாசிப்பு முழுவதும் பிறழ்ந்து, நிறத்தை உண்டாக்கக் கட்டளையிடும் புரதம் பயனற்றதாகின்றது. ஆராயப்பட்ட வெள்ளையினங்களில் நூற்றுக்கு 97 க்கு மேற்பட்டவற்றில் இந்த ஒரே தவறே காணப்பட்டது. எங்கோ ஒரு காலத்தில் ஒரு செடியில் நேர்ந்த தவறு, உண்பவருக்குப் பிடித்துப்போனமையால் உலகெங்கும் பரப்பப்பட்டது. காட்டுநெல்லின் அரிசி சிவப்பு. பண்டைய நெற்களின் இயல்பான நிறமும் சிவப்பே.

சோடியில் ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது நன்றாயிருப்பின் நிறம் உண்டாகும். அதனாற் சிவப்பு ஆட்சியுள்ள குணமாகவும் வெள்ளை பின்னிடைவான குணமாகவும் ஒழுகுகின்றன. மெண்டல் என்னும் துறவி 1866 இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கும் இதுவே. அவர் பெற்ற இரண்டாந் தலைமுறை விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

தோல் தாயினுடையது

நெல்லிற் கமக்காரரை ஏமாற்றும் நுட்பம் ஒன்றுண்டு. அரிசியின் சிவந்த தோல் புதிய செடிக்குரிய பகுதியன்று. அது தாய்ச்செடியின் சூலகச் சுவரிலிருந்து உண்டாவது. உள்ளேயிருக்கும் முளையே பிள்ளை. ஆகவே வெள்ளையினச் செடியிலுள்ள ஒரு பூவுக்குச் சிவப்பினத்தின் மகரந்தம் வந்து சேரினும், அப்போகத்தில் அம்மணி வெள்ளையாகவே இருக்கும். குற்றிப் பார்த்தாலும் தெரியாது. அடுத்த போகத்தில் அம்மணி முளைத்துச் செடியாகிக் கதிர் ஈனும்போது, அச்செடியின் மணிகள் அனைத்தும் சிவப்பாக இருக்கும்; உமி அதனையும் மூடி மறைத்துவிடும். அம்மணிகளும் விதையோடு கலந்து மூன்றாம் போகத்துக்குச் சென்றால், அவற்றிலிருந்து வரும் செடிகளில் நான்கில் மூன்று சிவப்பரிசியும் ஒன்று வெள்ளையரிசியுந் தரும். கலப்பு நிகழ்ந்த ஆண்டு ஒன்று. கண்ணிற்படும் ஆண்டு வேறொன்று. சென்ற போகத்து விதை நன்றாயிருந்ததே என்று கமக்காரர் சாதிப்பதும் பொய்யன்று.

இந்நுட்பத்தாலேயே ஒரு நன்மையும் உண்டு. ஒரு செடியின் எல்லா மணிகளின் தோலும் ஒரே தாயினது. எனவே விதைக்கெனத் தெரிந்தெடுக்கும் ஒவ்வொரு கதிரிலும் ஒரேயொரு மணியை உரித்துப் பார்த்தாற் போதும். அது சிவப்பாயின் கதிர் முழுவதையும் விலக்கலாம். நூறு கதிருக்கு நூறு மணி; ஒரு மாலைப்பொழுதின் வேலை. உயரம், பூக்கும் நாள், மணியின் வடிவம் ஆகியவற்றால் வேறுபடும் செடிகளைப் பூக்குங் காலத்திலேயே பிடுங்கிவிடுதல் இதற்கு முற்பட்ட வேலையாகும். தெரிந்த கதிர்களைத் தனியே அடித்து, வயலின் நடுவில் ஒரு சிறு துண்டில் விதைத்து, அத்துண்டின் விளைவையே மறுபோக விதையாகக் கொள்ளலாம்.

மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பினங்களைப் பேணுவோரின் சங்கடம் இதற்கு மாறானது. கலப்புச் செடியும் சிவப்பாகவே தோன்றுமாகையால் உரித்துப் பார்ப்பது போதாது. கதிருக்கு ஒரு வரிசையாக விதைத்து, வரிசையிலுள்ள செடி ஒவ்வொன்றிலும் ஒரு மணியை உரித்தல் வேண்டும். ஒன்றேனும் வெள்ளையாயின் தாய்க்கதிர் கலப்புடையது. வரிசையில் 16 செடிகள் இருந்து எல்லாம் சிவப்பாயின், கலப்பு மறைந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றளவே.

பற்றலகொடையிற் செய்யப்பட்டது

காற்று தற்செயலாகச் செய்வதை ஆராய்ச்சி நிலையங்கள் வேண்டுமென்றே செய்கின்றன. குருநாகற் பகுதியிலுள்ள பற்றலகொடையில் 1952 இல் நெல்லின விருத்தி நிலையம் ஏற்பட்டது. அங்கு வீரரத்தின முதலிய ஆராய்ச்சியாளர் நெல்லினக் கலப்பில் ஈடுபட்டனர். வேலை பொறுமைக்குரியது: பூ விரியுமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் நீக்கி, கதிரை உறையால் மூடி, மறுநாட் காலையில் வேற்றினத்தின் தூளை உதிர்த்தல். முருங்கைக்காயன் 302 என்னும் நம் நாட்டுத் தூயவழியும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் இனமும் இவ்வாறு இணைக்கப்பட்டு, அவற்றின் சந்ததியிலிருந்து தெரியப்பட்டதே 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4. அது சிவப்பரிசி இனம். எரிபந்த நோயைத் தாங்கியது. அறுபதுகளில் இலங்கையின் வயல்களில் மிகப் பரவலாக விதைக்கப்பட்டது.

கலப்புச் செய்த மறு ஆண்டே விதை தரவியலாமைக்குக் காரணம் ஒடுக்கற் பிரிவே. முதற்றலைமுறைச் செடிகள் ஒரே சீராயிருக்கும். இரண்டாந் தலைமுறையில் எல்லாக் குணங்களும் சிதறும். தன்மகரந்தச் சேர்க்கையினால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகக் குறையும். ஒரு குணத்தைப் பொறுத்தவரை, ஆறாந் தலைமுறையில் 32 செடிகளில் ஒன்றே இன்னும் கலப்பாயிருக்கும். அதுவரை பொறுக்குவதும் விதைப்பதுமே வேலை.

எச்-4 உயரமான இனமாகையால் நைதரசன் பசளை மிகுந்தாற் சாய்ந்து விழுந்தது. சாயாத நெல்லுக்கு வழிகாட்டியது, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையம் 1966 இல் வெளியிட்ட ஐ.ஆர்.-8. அதன் குட்டைத்தன்மை தாய்வான் நாட்டு இனமொன்றின் தனியொரு பின்னிடைவான பரம்பரையலகினால் வந்தது. அவ்வலகு தண்டை நீளச்செய்யும் கிபரலின் என்னும் பொருளை ஆக்குவதிற் பங்குகொள்வது என்றும், குட்டையினத்தில் அதன் ஒரு பகுதி அற்றுப்போயிருக்கின்றது என்றும் 2002 இல் தெரியவந்தது. வெள்ளையரிசியைப் போலவே இங்கும் குறையொன்று பயனாயிற்று.

மரக்கறித் தோட்டத்துக்கு

நெல்லியடிச் சந்தைக்குக் கத்தரியும் மிளகாயும் கொண்டுவருவோர் இக்கணக்கை இன்னுங் கூடிய கவனத்துடன் நோக்க வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் தேனீ முதலிய பூச்சிகளால் அயன்மகரந்தம் நெல்லிலும் பன்மடங்கு கூடுதலாக வரும். பூசணி, பாகல் முதலிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் வேறாகையால் பூச்சியின்றிக் காயே இல்லை. பழத்தின் சதையுந் தோலும் இங்கும் தாயினுடையவை. அருகில் வேறு கத்தரியினம் நின்றிருந்தாலும் ஊதாக்கத்தரி ஊதாவாகவே காய்க்கும். பிழை விதையினுள்ளே இருந்து அடுத்த நாற்றுமேடையில் வெளிப்படும். விதைக்கு விடும் செடிகளை மற்றையினங்களிலிருந்து தூரத்தில் நடுதல் வேண்டும். இடமில்லாத சிறு தோட்டங்களில், விதைக்குரிய கத்தரி, மிளகாய்ப் பூக்களை அரும்பாயிருக்கும்போதே மெல்லிய சீலைப்பையாற் கட்டிக் காய் பிடித்தபின் அவிழ்த்து, அக்காயை நூலால் அடையாளமிட்டு விடலாம்.

பொதியில் எப்.1 கலப்பினம் என்று குறிக்கப்பட்ட தக்காளி, மிளகாய் விதைகளை வாங்கி நட்டவர், அச்செடிகளின் பழத்திலிருந்து மீண்டும் விதை எடுத்தலாகாது. அவ்விதைகள் கெட்டவையல்ல, நன்றாக முளைக்கும். ஆனால் அவை இரண்டாந் தலைமுறை. உயரமும் குட்டையும், பெருங்காயும் சிறுகாயும், நோய் தாங்குவதும் தாங்காததுமாக ஒரே பாத்தியில் நிற்கும் அச்செடிகளுக்கு நீரிறைத்துக் களையெடுத்துக் காத்திருந்து, முதற்காய் பறிக்கும் நாளிலேதான் உண்மை தெரியவரும்.