தெருவின் வேகத்தைத் தீர்மானிப்பது யார்?

காலை எட்டு மணிக்குச் சிவகாசியின் ஒரு தெருவைப் பாருங்கள். பட்டாசு ஆலைகளுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், அச்சகங்களுக்குக் காகிதம் கொண்டுவரும் லாரிகள், தீப்பெட்டிப் பண்டல்கள் ஏற்றிய சிறு வண்டிகள். இவற்றுக்கு நடுவே சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்கள். இத்தெருவில் ஒரு வண்டி எவ்வளவு வேகம் போகலாம்? அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, நகராட்சி எல்லைக்குள் உச்ச வேகத்தைக் கார்களுக்கு மணிக்கு 70 கி.மீ. என்றும், மோட்டார் சைக்கிள்களுக்கு 60 கி.மீ. என்றும் நிர்ணயித்தது. இது மேல் வரம்புதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மக்களின் பாதுகாப்புக்காக இதைக் குறைக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளிக்கிறது. அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகையும் நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்புத் தேவையில்லை. சென்னையில் 2023 நவம்பரில் வரம்புகளை மாற்றியபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30 கி.மீ. என்று வைத்தார்கள்.

இனி அளவிடும் முறை. தடையின்றிச் செல்லும் வண்டிகளின் வேகத்தை அளந்து, 100க்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் அடங்குகின்றனவோ அதையே வரம்புக்கு அடிப்படையாகக் கொள்வது பல நாடுகளில் நெடுநாளைய வழக்கம். இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் துணையுடன், சாலையில் இறங்காமல், ஓரத்தில் 50 மீட்டர் தூரத்தை அளந்து கொள்ளுங்கள். அதைக் கடக்க ஒரு வண்டிக்கு ஆகும் வினாடிகளால் 180ஐ வகுத்தால், மணிக்கு எத்தனை கி.மீ. என்பது கிடைக்கும். 6 வினாடி என்றால் 30 கி.மீ.; 4 வினாடி என்றால் 45 கி.மீ. இப்படி 20 வண்டிகளை அளந்து, வேகங்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். 17ஆவது எண்தான் நாம் தேடும் வேகம்.

ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. இது வண்டி ஓட்டுபவரின் விருப்பத்தை மட்டுமே அளக்கிறது. நடந்து செல்பவரைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 1 வினாடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் வேகம் வினாடிக்கு 7 மீட்டர்/வினாடி வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் 13.3 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 13.9 மீட்டர் கடந்திருக்கும்! 13.5 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், முதல் கார் குழந்தைக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் வேகம் சற்றும் குறையாமல் மோதும். அதன் இயக்க ஆற்றலும் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகும்.

இதனால்தான் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992இலேயே முக்கியச் சாலைகள் நீங்கலாக மற்றத் தெருக்களில் 30 கி.மீ. வரம்பைக் கொண்டுவந்தது. மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் இதே வரம்பு வேண்டும் என 2020இல் ஸ்டாக்ஹோம் மாநாடு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

தெருவும் மாறிக்கொண்டே இருக்கிறது. புதிய பள்ளி வரும், சாலை அகலமாகும். அப்போதெல்லாம் மீண்டும் அளந்து, வரம்பைத் திருத்த வேண்டும். பலகை நட்ட பின்னும் வேகம் குறையவில்லையானால், வேகத்தடை போன்ற மாற்றங்களைத் தெருவிலேயே செய்ய வேண்டும். உங்கள் பள்ளி வாசலில் அந்த 17ஆவது எண் எவ்வளவு? அளந்து பாருங்கள், 30ஐத் தாண்டினால் தலைமையாசிரியரிடம் கணக்கைக் காட்டுங்கள்.