தட்டவேண்டிய கதவு எது?
நம்பத்தகுந்த இணையதளங்கள்: ஒரு கையேடு

ஒரு தலைமுறைக்கு முன்பு, ஐயம் ஒன்று எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள வீட்டிலேயே சில நூல்கள் இருந்தன. நாள் பார்க்கப் பஞ்சாங்கம். ஊர் செல்ல ரயில்வே கால அட்டவணை. சொல்லுக்குப் பொருள் அறிய அகராதி. வாய்ப்புள்ளவர் வீட்டில், தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம். அந்நூல்களில் தேடியது கிடைக்காமல் போனதுண்டு. ஆனால் கிடைத்தது பொய்யாக இருக்குமோ என்று எவரும் அஞ்சியதில்லை. நூலைப் புரட்டியதற்காக எவரும் நம் பணத்தைக் கவர்ந்து சென்றதும் இல்லை.

இன்று அந்த அலமாரி முழுவதும் கைப்பேசிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. தகவலுக்குப் பஞ்சமில்லை, உரிய இடம் எது என்று அறிவதில்தான் இடர்ப்பாடு. அந்த இடர்ப்பாடு எத்தகையது என்பதை அண்மையில் என் பக்கத்து வீட்டில் கண்டேன்.

நாட்குறிப்பில் ஒரு சொல்

பக்கத்து வீட்டில் வசிப்பவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வயது 79. அவருடைய அண்ணன் ஜாம்ஷெட்பூரில் நெடுங்காலம் பணியாற்றி, அங்கேயே காலமானவர். அண்ணிக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் மறைந்த நாளிலிருந்து கொழுந்தன் வீட்டிலேயே இருக்கிறார். சென்ற ஆண்டு பழைய பெட்டி ஒன்றைத் துப்புரவு செய்தபோது அண்ணனின் நாட்குறிப்பு கிடைத்தது. அதில் ஓரிடத்தில் ‘வைப்பு’ என்ற சொல்லும் அருகே ஒரு தொகையும் எழுதப்பட்டிருந்தன. எந்த வங்கி, எந்தக் கிளை, ரசீது எங்கே என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

தலைமை ஆசிரியர் கைப்பேசியில் தேடினார். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தார். அரசு முத்திரை, மூவண்ணக் கோடு, இறந்தவரின் வைப்புத்தொகையைக் கண்டுபிடித்துத் தருவோம் என்ற உறுதிமொழி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. பதிவுக் கட்டணம் 999 ரூபாயை யுபிஐ வழியாகச் செலுத்தினார். மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கோப்பு நகர மேலும் 6,500 ரூபாய் வேண்டும் என்றார். அதன் பிறகுதான் அவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, அரசாங்க முத்திரை போட்டிருக்கிறதே, இதையும் கட்டிவிடலாமா?”

“ஐயா, இனி ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். முதலில் 1930 என்ற எண்ணுக்குப் பேசுவோம்” என்றேன்.

1930 என்பது இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கான தேசிய உதவி எண். ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமானது. நாங்கள் ஒருநாள் தாமதித்துவிட்டோம். அந்த 999 ரூபாய் இன்றுவரை திரும்பவில்லை. அண்ணனின் வைப்பைத் தேடுவதற்கு உரிய இடமோ வேறாக இருந்தது. அங்கே கட்டணமே இல்லை.

உத்கம்: மறந்த வைப்புகளின் பட்டியல்

10 ஆண்டுகள் இயக்கப்படாத சேமிப்பு, நடப்புக் கணக்குகளின் இருப்பும், முதிர்வடைந்து 10 ஆண்டுகள் ஆகியும் கோரப்படாத நிலை வைப்புகளும், ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றன. அப்படி மாறிய பணம் தொலைந்துபோனதாகப் பொருள் இல்லை. வாடிக்கையாளரோ அவருடைய வாரிசுகளோ எப்போது வேண்டுமானாலும் தம் வங்கியிடம் கோரிப் பெறலாம்.

எந்த வங்கி என்று தெரியாதவர்களுக்காக 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே ‘உத்கம்’ தளம். ரிசர்வ் வங்கியின் முகவரியான ‘ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன்’ என்பதற்கு முன்னால் ‘உத்கம்’ என்ற பெயரும் ஒரு புள்ளியும் சேர்ந்தது அதன் முகவரி. நம் கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்துகொண்டு, கணக்குதாரரின் பெயரையும் வங்கிகளின் பெயரையும் தர வேண்டும். பான் எண், வாக்காளர் அடையாள அட்டை எண், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பிறந்த தேதி ஆகியவற்றுள் ஒன்றையேனும் சேர்த்துத் தேடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இத்தளம் தேடித் தருமேயன்றிப் பணம் தராது. பணத்துக்கு உரிய வங்கிக் கிளையையே அணுக வேண்டும்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு தளங்கள் உண்டு. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பெறப்படாத பங்காதாயமும் அதற்குரிய பங்குகளும் ‘முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதி’க்குச் செல்கின்றன. அவற்றை ஐஇபிஎஃப் தளத்தில் பெயரிட்டுத் தேடலாம். மறந்துபோன பரஸ்பர நிதி முதலீடுகளைத் தேடுவதற்கு, செபி அமைப்பின் முயற்சியால் ‘மித்ரா’ என்ற வசதி 2025இல் வந்துள்ளது.

முகவரியைப் படிக்கும் முறை

தலைமை ஆசிரியரை ஏமாற்றியது முத்திரை. முத்திரையை எவரும் படியெடுத்து ஒட்டிவிட முடியும்; முகவரியை அவ்வாறு செய்ய முடியாது. எனவே படிக்க வேண்டியது முகவரியையே.

தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அதன் இறுதியில் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிந்தால் அது அரசு சார்ந்த தளம். அவ்விரு முடிவுகளும் தனியாருக்கு வழங்கப்படுவதில்லை. அதே எழுத்துகள் முகவரியின் நடுவில் வந்து, இறுதியில் வேறொரு பெயர் இருந்தால், அந்த வேறொரு பெயருக்கு உரியவரே அதன் உரிமையாளர்.

வங்கிகளுக்கும் தனி முடிவு வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தம் தளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வங்கிகள் மட்டுமே பெறக்கூடிய முடிவு அது.

முகவரிக்கு அருகே தோன்றும் பூட்டுச் சின்னத்தைப் பலர் நேர்மைக்கான சான்றாகக் கொள்கின்றனர். அது தவறு. நமக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அது உறுதி கூறாது. அதுபோலவே, தேடுபொறியில் முதலில் நிற்பது சிறந்த விடை என்பதும் தவறு. பல வேளைகளில் அது கட்டணம் கொடுத்து வைக்கப்பட்ட விளம்பரம். வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ பார்ப்பதே பாதுகாப்பு.

பணம் தொடர்பாக மேலும் மூன்று

அதிக வட்டி தருவதாகக் கூறி ஒரு நிறுவனம் வைப்புத்தொகை கேட்டால், பணம் கொடுக்கும் முன் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தைப் பாருங்கள். வைப்புத்தொகை பெற அந்நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று அங்கே அறியலாம். இல்லையெனில் புகாரும் அளிக்கலாம்.

வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் இணையவழியே முறையிடலாம். 2021 நவம்பர் முதல் இத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக இயங்குகிறது. விவரங்களுக்குக் கட்டணமில்லா எண் 14448. இதற்கும் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

கடன் கோரும் எண்ணம் உள்ளவர்கள் தம் கடன் வரலாற்று அறிக்கையை முன்னதாகப் பார்த்துக்கொள்வது நன்று. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நாம் வாங்காத கடன் நம் பெயரில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்கும் வாழ்வுக்கும்

ஆவணங்களைப் பேணுவதற்கு ‘டிஜிலாக்கர்’ 2015 முதல் உள்ளது. ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே அதில் பெற்றுக்கொண்டால், அவை சட்டப்படி மூல ஆவணத்துக்கு நிகரானவை. நாமே படம் எடுத்து ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை.

கைப்பேசி தொலைந்துவிட்டதா? தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அக்கருவியை முடக்கலாம். அந்த எண்ணை அறிய, கைப்பேசியில் *#06# என்று அழுத்திப் பார்த்து இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த பின் பார்க்க இயலாது. நம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதையும் அதே தளம் காட்டும்.

சட்டத்தின் சொற்களைப் பிறர் வாய்மொழியாகக் கேட்பதைவிட மூலத்திலேயே காண விரும்புவோர்க்கு ‘இந்தியா கோட்’ தளத்தில் நடுவண் சட்டங்கள் முழுமையாக உள்ளன. வழக்கு ஏதேனும் நிலுவையில் இருந்தால், அதன் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ‘ஈகோர்ட்ஸ்’ தளத்தில் அடுத்த விசாரணை நாளை அறியலாம். வாங்கிய பொருளில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மருந்து விலையில் ஐயம் தோன்றினால், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்’ வசதியில் அரசு நிர்ணயித்த உச்ச விலையைக் காணலாம். நோய்கள் பற்றிப் படிக்க, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ‘மெட்லைன்பிளஸ்’ எளிய ஆங்கிலத்தில், விளம்பரமின்றி விளக்குகிறது. அதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் தெளிவாகக் கேள்வி கேட்கலாம். மருத்துவருக்குப் பதிலாக அதைக் கொள்ளலாகாது. வானிலைக்கு, 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’ தளம் இருக்கிறது. புயல் வேளையில் பகிரப்படும் வதந்திகளை அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கற்பவர்க்கு

கரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகம், பள்ளி மாணவர் முதல் ஆய்வாளர் வரை அனைவருக்கும் திறந்திருக்கிறது. ‘ஸ்வயம்’ தளத்தில் உயர்கல்விப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம் உண்டு.

தமிழுக்கு வந்தால், தொடக்கத்தில் குறிப்பிட்ட கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடும் வசதியோடு உள்ளது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’, தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெறுமாறு வைத்திருக்கிறது. விக்கிப்பீடியாவைப் பயன்படுத்துவோர் கட்டுரையோடு நின்றுவிடாமல், அதன் அடியிலுள்ள மேற்கோள்களையும் பார்ப்பது நலம். மேற்கோள் இல்லாத வரியை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அண்ணியின் கேள்வி

தலைமை ஆசிரியரின் தேடலுக்கு வருவோம். அண்ணனின் ஓய்வூதியத் தாள்களில் பிறந்த தேதி இருந்தது. பெயரையும் தேதியையும் கொடுத்து உத்கம் தளத்தில் தேடினோம். பொருந்தும் பதிவு ஒன்று தென்பட்டது. அதன் குறிப்பு எண்ணை எழுதிக்கொண்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அண்ணியின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றுடன் அந்த வங்கியின் கிளைக்குச் சென்றோம். ஆவணங்களைச் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆயின. பிறகு தொகை அண்ணியின் கணக்கில் வந்து சேர்ந்தது. பெருஞ்செல்வம் அன்று; ஆனால் மருந்துக்கும் கண் அறுவைச் சிகிச்சைக்கும் இனி எவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று அந்த அம்மையார் நிம்மதியடைந்தார்.

கிளையை விட்டுப் புறப்படும்போது அவர் அதிகாரியிடம் கேட்டது ஒன்றுதான்: “எனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதித் தர வேண்டுமே, அந்தப் படிவம் எங்கே? அவர் இதை எழுதாமல் போனதால்தானே இவ்வளவு அலைச்சல்.”

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களைக் குறிப்பிடலாம். உங்கள் கணக்கில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், இவ்விதழை வைத்துவிட்டு முதலில் அதை நிரப்புங்கள்.

தலைமை ஆசிரியர் இப்போது பழைய கோடிட்ட ஏடு ஒன்றில், மேற்கண்ட தளங்களின் முகவரிகளைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் முத்துமுத்தாக எழுதித் தொலைபேசிக்கு அருகே வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘தேடுவதற்கே கட்டணம் கேட்டால், அது நாம் தட்டவேண்டிய கதவு அன்று.’ அதற்குக் கீழே அண்ணியின் வைப்புக் கணக்கு விவரமும், வங்கியின் பெயரும், கிளையின் பெயரும், ரசீது இருக்கும் இடமும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன.